சோலோவில் மூக்குச் சக்கரம் உடைந்தது: லைசென்ஸ் போய்விடுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த 20 வயது மாணவி எழுதியிருக்கிறார். வேறொரு மாநிலத்தில் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறார். இதுவரை 34 மணி நேரம் பறந்திருக்கிறார். அதில் சோலோ, அதாவது தனியாகப் பறந்தது, கொஞ்சம்தான். போன மாதம் செஸ்னா 152-ல் தனியாக சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றிவந்து இறங்கும் பயிற்சி) போனபோது இரண்டாவது லேண்டிங்கில் விமானம் தரையில் தட்டித் துள்ளியது. மூக்கை அமுக்கினார். மறுபடியும் துள்ளியது, முன்னைவிட உயரமாக. மூன்றாவது முறை மூக்குச் சக்கரம் மடங்கி, ப்ரொப்பல்லர் தரையில் அடித்து, விமானம் ரன்வேயை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றது. தானே எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு நடந்து வெளியே வந்திருக்கிறார். காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கழுத்து வலிக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"பாதுகாப்புக்காகத்தான் பத்து நாட் (விமான வேக அலகு) வேகம் கூட வைத்து வந்தேன். தரைக்குப் பக்கத்தில் காற்று திடீரென்று தூக்கிவிட்டது. சோலோ என்பதால் முழுப் பொறுப்பும் என்னுடையதுதானே?" என்று கேட்கிறார். பள்ளி அலுவலகம் டைப் செய்த ஒரு காகிதத்தை நீட்டி, 'என் கவனக்குறைவே காரணம், சேதத்துக்கான முழுச் செலவையும் ஏற்கிறேன்' என்று கையெழுத்துக் கேட்கிறது. சீனியர்கள், "ரெக்கார்டுல ஏறிடுச்சு, இனி எந்த ஏர்லைனும் கூப்பிடாது" என்கிறார்கள். அம்மா ஊருக்கு வந்துவிடச் சொல்கிறார். நிலத்தை அடகு வைத்து, வங்கிக் கடனுக்கும் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது.

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் கழுத்து வலி. இந்தப் பதிலை மேலே படிக்கும் முன் நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். வேகமாகப் போய்ச் சட்டென்று நின்ற விமானத்துக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த உடம்பு அது. வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் கழுத்துத் தசையிலும் எலும்பிலும் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "சொன்னால் மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) போய்விடும்" என்று பயந்து மறைத்திருக்கிறீர்கள். சாதாரணத் தசைப்பிடிப்பாக இருந்தால் சிகிச்சை எடுத்து, குணமாகி, மறுபடி பறக்கலாம். மறைத்தது பின்னால் தெரியவந்தால் அதற்குச் சமாதானம் சொல்வதுதான் கஷ்டம். டாக்டரிடம் விபத்து நடந்த தேதியைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். வலி மாத்திரை எதையாவது தொடர்ந்து சாப்பிடச் சொன்னால், அதைச் சாப்பிட்டுக்கொண்டு பறக்கலாமா என்று உங்கள் ஏவியேஷன் மெடிக்கல் எக்ஸாமினரிடம் கேளுங்கள். அடுத்த மெடிக்கலில் இந்த விபத்தையும் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடந்தது

மாணவ விமானிகளின் விபத்துகளில் மிகச் சாதாரணமாக நடப்பது லேண்டிங் விபத்துதான். வேகம் குறைவு, உயரம் இல்லை என்பதால் உயிர்ச்சேதம் அரிது, விமானத்துக்குத்தான் அடி. உங்களைப் போலத் துள்ளித் துள்ளி மூக்குச் சக்கரத்தை உடைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் விமானப் பயிற்சி நடக்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு பேருக்கு ஒரே மாதிரி நடக்கிறது என்றால் காரணமும் ஒரே மாதிரி இருக்கிறது, பயிற்சியில் அதைச் சரிசெய்ய முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"பாதுகாப்புக்காகப் பத்து நாட்" என்ற நினைப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் தட்டு) போட்ட செஸ்னா 152-ஐ அதன் கையேடு 55 முதல் 65 நாட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறது. உங்களுக்கு 60 என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் 70-ல் வந்திருக்கிறீர்கள். வேகம் கூடியது ஆறில் ஒரு பங்கு. ஆனால் விமானம் சுமந்து வந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது எங்காவது கரைந்தாக வேண்டும். தரைக்கு மேல் இறக்கை நீள உயரத்துக்குள் வந்ததும் இழுவை வேறு குறைந்துவிடுகிறது. விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும்.

இதில் மாணவர்கள் மறந்துபோகும் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்து சீட் காலி. செஸ்னா 152-ன் அதிகபட்ச எடையே 757 கிலோதான். 75 கிலோ இன்ஸ்ட்ரக்டர் இறங்கிவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டது. ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடிய குறைந்தபட்ச வேகம்) 5 சதவீதம்போல இறங்கிவிடும். டூயலில் (இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும்போது) 60-ல் சமர்த்தாக உட்கார்ந்த அதே விமானம் சோலோவில் 60-லேயே கொஞ்சம் மிதக்கும். 70-ல் உட்காரவே உட்காராது. அதைப் பிடித்துத் தரையில் வைத்தால் மூக்குச் சக்கரம் முதலில் தொடும்.

காற்று தூக்கியது என்கிறீர்கள். இருக்கலாம். அன்றைய காற்றின் திசையும் வேகமும் டவர் பதிவில் இருக்கும், விசாரிப்பவர்கள் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் காற்றின் உதவியே தேவையில்லை. மூக்குச் சக்கரம் முதலில் இடித்தால் மூக்கு மேலே எகிறும், இறக்கையின் கோணம் கூடும், பறக்கும் வேகம் இன்னும் மிச்சம் இருப்பதால் விமானம் மறுபடி கிளம்பிவிடும். நீங்கள் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) முன்னால் தள்ளுகிறீர்கள். அந்தத் தள்ளலுக்கு விமானம் பதில் சொல்வதற்குள் அது தானாகவே இறங்க ஆரம்பித்திருக்கும். உங்கள் தள்ளலும் அதன் இறக்கமும் சேர்ந்து மூக்கை இன்னும் பலமாகக் குத்தும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிட மோசமாக இருக்கும். நம் கை எப்போதும் விமானத்துக்கு அரை நொடி பின்னால் ஓடுவதால் திருத்தத் திருத்தப் பெரிதாகும் ஆட்டம் இது.

ஒரு கேள்வி கேட்கிறேன், நினைவிருந்தால் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். முதல் துள்ளலின்போது உங்கள் வலது கை எங்கே இருந்தது? இன்ஸ்ட்ரக்டராகப் பக்கத்து சீட்டிலிருந்து நான் பார்த்தவரை, இடது கை யோக்கிலும் வலது கை த்ராட்டிலிலும் (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இருக்க வேண்டிய மாணவர், துள்ளியதும் வலது கையையும் எடுத்து யோக்கைப் பிடித்துக்கொள்வார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார், விரல் முட்டி வெளுத்துப்போகும். த்ராட்டிலை விட்டுக் கை எடுத்த அந்தக் கணத்தில் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போவது) என்ற வழி அடைபட்டுவிட்டது.

முதல் துள்ளல் சின்னதாக இருந்தால் மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி மெதுவாக உட்கார வைக்கலாம். பெரிதாக இருந்தாலோ, சின்னதா பெரிதா என்று சந்தேகம் வந்தாலோ, த்ராட்டில் முழுக்க உள்ளே. கார்ப் ஹீட் (கார்புரேட்டர் சூடாக்கி) கோல்டுக்கு. ஃபிளாப்ஸ் உடனே 20 டிகிரிக்கு. 55 நாட். அப்புறம்தான் மிச்ச ஃபிளாப்பை மெல்ல எடுக்க வேண்டும். லேண்டிங்குக்கு ட்ரிம் (மூக்கு நிலையைச் சமன்) செய்து வைத்திருந்த விமானம் முழு பவரில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பார்க்கும். அங்கே முன்னால் அழுத்திப் பிடிப்பதுதான் சரி, வலது ரடரும் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் கால் மிதி) வேண்டும். துள்ளலில் முன்னால் தள்ளுவது தவறு, கோ-அரவுண்டில் முன்னால் அழுத்துவது சரி. மாணவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். அதனால்தான் இதை டூயலில் சலிக்கும்வரை செய்ய வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "முதல் லேண்டிங் நன்றாக வந்தது, இரண்டாவதில் கோ-அரவுண்ட் போனால் இன்ஸ்ட்ரக்டர் என்ன நினைப்பார் என்று தோன்றியது." கோ-அரவுண்ட் போன மாணவரைக் குறைவாக நினைக்கும் இன்ஸ்ட்ரக்டர் அந்த சீட்டுக்கு லாயக்கில்லாதவர். தயங்கித் தயங்கி மூன்றாவது முறையும் தரையைத் தொட்ட மாணவரைவிட, இரண்டு சர்க்யூட்டில் இரண்டு கோ-அரவுண்ட் போய்விட்டு வந்த மாணவரைத்தான் நான் அடுத்த நாளும் சோலோ அனுப்புவேன்.

சோலோ என்றால் முழுப் பொறுப்பும் உங்களுடையதா

விமானத்தின் கமாண்டில் நீங்கள்தான் இருந்தீர்கள். அந்த லேண்டிங் உங்கள் கையால் நடந்தது, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர் இன்ஸ்ட்ரக்டரின் அனுமதியிலும் மேற்பார்வையிலும்தான் பறக்க முடியும். அன்று உங்களை அனுப்ப ஒருவர் ஆதரைசேஷன் புக்கில் கையெழுத்திட்டிருக்கிறார். காற்று எவ்வளவு இருந்தது, அதற்கு முன் டூயல் செக் நடந்ததா, பவுன்ஸிலிருந்து (துள்ளலிலிருந்து) மீள்வதை உங்களுக்கு எத்தனை முறை காட்டினார்கள், கீழே நின்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரேடியோவில் "கோ-அரவுண்ட்" என்று சொல்ல ஆள் இருந்ததா? இதெல்லாம் விசாரணையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் பவுன்ஸ் ரெக்கவரி என்ற பாடம் எந்தத் தேதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும்தான்.

இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தவறு என்ன, பயிற்சியின் ஓட்டை என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 2012-ல் தொடங்கப்பட்ட விமான விபத்து விசாரணைப் பிரிவான ஏஏஐபி-யின் விசாரணைக்கு நோக்கம் ஒன்றுதான்: இன்னொரு முறை நடக்காமல் தடுப்பது. யார் மீதும் பழி சுமத்துவதோ நஷ்டஈடு நிர்ணயிப்பதோ அதன் வேலை கிடையாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-வது இணைப்பும் அதைத்தான் சொல்கிறது. அந்த இணைப்பின்படி ப்ரொப்பல்லர், டயர், பிரேக் போன்றவற்றில் மட்டும் சேதம் என்றால் அது 'விபத்து' என்ற வகையிலேயே வராது. சேதத்தைப் பொறுத்தவரை, கட்டமைப்பின் வலிமையைப் பாதித்து, பெரிய ரிப்பேர் தேவைப்பட்டால்தான் விபத்து. செஸ்னாவில் மூக்குச் சக்கரத்தின் அடி நேராக ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) பக்கம் போய் இறங்கும். அங்கே தகடு மடிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து வகைப்படுத்துவார்கள். எந்த வகை என்று சீனியர்கள் ஹாஸ்டலில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ-வுக்குத் தனியாக நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களைக் கிரவுண்டு செய்திருப்பது (தற்காலிகமாகப் பறக்க விடாமல் நிறுத்தியிருப்பது) எதிர்பார்க்க வேண்டியதுதான். உங்களைப் போன்ற நிலையில் பொதுவாக நடப்பது, கூடுதல் டூயல் பயிற்சி, பிறகு ஒரு செக், பிறகு மறுபடி சோலோ. மது, போலிப் பதிவு, அனுமதியில்லாமல் பறந்தது மாதிரி எதுவும் உங்கள் கதையில் இல்லை. 34 மணி நேரமும் உங்கள் லாக் புக்கில் அப்படியே இருக்கும். விபத்து நடந்த அந்தப் பறத்தலையும் உள்ளபடி எழுதுங்கள். லைசென்ஸுக்குத் தேவையான 200 மணி நேரத்தில் அதுவும் சேர்த்திதான்.

ஏர்லைன் கூப்பிடாது என்கிறார்களே? விண்ணப்பத்தில் விபத்து உண்டா என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. உண்டு என்று எழுதி, என்ன நடந்தது, பிறகு என்ன பயிற்சி எடுத்தேன் என்று நாலு வரியில் சொல்லத் தெரிந்தவரை நேர்முகத் தேர்வில் பார்த்து யாரும் ஓடிப்போவதில்லை. அப்படிக் கேட்கும் நாள் வருவதற்குள் இன்னும் நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்திருப்பீர்கள். இந்தக் கதை பழசாகியிருக்கும்.

அந்தக் காகிதம்

கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைக்கு அவ்வளவுதான் பதில். காரணம் சொல்கிறேன்.

விசாரணை அதிகாரி கேட்கும் வாக்குமூலமும் பள்ளி நீட்டும் காகிதமும் வெவ்வேறு. அதிகாரியிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், 70 நாட் உட்பட. பள்ளி கேட்பது பாதுகாப்புக்கான அறிக்கை இல்லை, பணத்துக்கான ஒப்புதல். 'முழுச் செலவு' என்று தொகையே போடாமல் எழுதியிருக்கிறார்கள். ப்ரொப்பல்லர் தரையில் அடித்தால் வெளியிலிருந்து பார்த்து எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று விட முடியாது, பிரித்துச் சோதிக்க வேண்டும். அதோடு மூக்குச் சக்கரம், ஃபயர்வால், புது ப்ரொப்பல்லர், விமானம் நின்றிருந்த நாட்களின் வருமான இழப்பு. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் அது.

மறுக்கும்போது சண்டை வேண்டாம். "நடந்ததை என் வார்த்தையில் எழுதித் தருகிறேன், செலவு பற்றி வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு ஈமெயில் போதும். நேரம், ரன்வே, காற்று, வேகம், என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுங்கள். 'கவனக்குறைவு' போன்ற தீர்ப்புச் சொற்கள் உங்கள் கடிதத்தில் வர வேண்டியதில்லை. அதே ஈமெயிலில் மூன்று விஷயம் கேளுங்கள்: நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், விமானத்துக்கு இன்சூரன்ஸ் இருந்து அதில் க்ளெய்ம் போட்டாகிவிட்டதா, அந்த பாலிசியில் சோலோ போகும் மாணவர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா. மூன்றாவது முக்கியம். இன்சூரன்ஸ் நிறுவனம் பள்ளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சேதத்துக்குக் காரணமானவரிடம் அதைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. நீங்கள் பாலிசிக்குள் இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஒப்பந்தத்தில் மாணவர் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று இருந்தால் அதை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. இன்சூரன்ஸ் தராத முதல் பகுதியை மாணவரிடம் வாங்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டதாலேயே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. நான் இன்ஸ்ட்ரக்டர், வக்கீல் இல்லை. ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல்லிலும் இருக்கிறது, நீங்கள் படிக்கும் மாவட்டத்திலும் இருக்கும். வழக்குப் போடுவதற்காகப் போகச் சொல்லவில்லை. காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்காக.

திரும்பிப் பறப்பதா, வேறு பள்ளியா, வீடா

இப்போதே முடிவெடுக்க வேண்டாம். விபத்து நடந்த முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், எஞ்சின் சத்தம் கேட்டால் வயிறு பிசைவதும் சகஜம். அது குறையாமல் நீடித்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். பேசுவதால் பைலட் வாழ்க்கை முடிந்துவிடாது.

அதே பள்ளியில் தொடர்வதுதான் செலவு குறைவான வழி, அவர்கள் நடந்துகொள்ளும் விதம் சரியாக இருந்தால். திரும்பும் முன் ஒரு நிபந்தனை வையுங்கள்: முதல் சில பறத்தல்கள் வேறொரு இன்ஸ்ட்ரக்டரோடு, பாடம் பவுன்ஸும் கோ-அரவுண்டும் மட்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நல்ல சிஎஃப்ஐ (தலைமை இன்ஸ்ட்ரக்டர்) அவரே சொல்லியிருப்பார். கையெழுத்துப் போட்டால்தான் பறக்க விடுவோம் என்று மிரட்டினால் வேறு பள்ளி பார்க்க வேண்டியதுதான். அப்போது உங்கள் லாக் புக்கையும் பயிற்சிப் பதிவேட்டின் சான்றிட்ட நகல்களையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். கட்டிய பணத்தில் பறக்காத மணி நேரத்துக்கான கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். மாறுவதில் நாட்கள் போகும். வங்கிக்கு முன்கூட்டியே எழுதி, படிப்பு நீள்வதைத் தெரிவித்துவிட்டால் தவணை தொடங்கும் தேதி பற்றிப் பேச இடம் இருக்கும்.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவை, பத்து நல்ல டூயல் லேண்டிங் செய்துவிட்டு எடுங்கள். உடைந்த விமானம் கண்ணில் நிற்கும்போது எடுக்காதீர்கள். அம்மா பயப்படுவது இயல்பு. உங்கள் கழுத்து வலியை அவரிடமாவது சொல்லுங்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடனுக்கு உங்களோடு கையெழுத்துப் போட்டவர் அவர். பள்ளி பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அது சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும், அதாவது உங்கள் வீட்டு வாசலுக்கு. தபால்காரர் கையிலிருந்து அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போட்டு, "எனக்கு ஒன்றும் ஆகவில்லை அப்பா" என்று தொடங்கி முழுவதையும் சொல்லிவிடுங்கள். ஒப்பந்த நகலும் டாக்டர் சீட்டும் வந்ததும் அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.